சாம்பார் வண்டிக்கு இரண்டு காற்றுப்பைகள்

4 ஜூன், புதன்

காலை 10.42. மங்கை அக்காவிடமிருந்து செய்தி. "ஞாயித்துக்கிழமை கல்யாணச் சாப்பாடு நீ மாத்துன வண்டியிலயே போகட்டும். சிந்துச்சுன்னா அந்தக் காத்துப்பையக் கழட்டிடு."

வெளியே தூறல். பட்டறை வாசலில் நின்று மூன்று முறை படித்தேன்.

தேக்காவில் இருக்கும் அக்காவின் கேட்டரிங் சமையற்கூடத்திலிருந்து ஈசூன் கல்யாண மண்டபம். ஐந்நூறு பேர். சாம்பார், ரசம், பாயசம். அக்காவின் வேனில் பாரம் ஏறினாலே பின்பக்கம் உட்கார்ந்துவிடும், வளைவில் பானை மூடி நகரும், தரையெல்லாம் சாம்பார். இன்னொரு ஸ்பிரிங் பட்டை போதும் என்கிறார் பட்டறை முதலாளி. போடலாம். காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கும். என் யோசனை: பின் அச்சில் இடது, வலது இரண்டு ரப்பர் காற்றுப்பைகள். பாரத்துக்கு ஏற்பக் காற்று. அக்காவின் மூன்று வேன்களில் ஒன்றில் மாட்டியாகிவிட்டது, போக்குவரத்துத் துறை அனுமதியும் போன வாரமே வந்துவிட்டது. சாப்பாடு ஏற்றி ஓட்டத்தான் அக்கா இன்னும் சம்மதிக்காமல் இருந்தார்.

என் மனைவி நித்யா இறந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு ஒன்று வேண்டும் என்று நான் நினைப்பது இதுதான் முதல் தடவை.

இரவு 8. அண்ணியின் போன். தினமும் இதே நேரம், இதே தணிந்த குரல். "சாப்டீங்களா தம்பி?" சாப்பிட்டேன் என்றேன். பொய்.

5 ஜூன், வியாழன்

வெயில். காற்றுப்பைகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி இல்லை, கசிவு இல்லை. இருபது அரிசி மூட்டைகளைச் சமமாகப் பரப்பி ஓட்டினேன். வண்டி தட்டையாக, தண்ணீரில் போவது போல. விசிலடித்திருக்கிறேன் போல, முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

வாங்க: ஊக்கு போல ஒரு கொக்கி (வண்டியில் கோப்பிப் பை தொங்கவிட). பல்ப். முட்டை.

6 ஜூன், வெள்ளி

நிஜப் பானைகள், உள்ளே தண்ணீர். ஓட்டியது அக்காவின் டிரைவர் செல்வம் அண்ணன். எக்ஸ்பிரஸ்வே ஏறும் வளைவிலேயே பின்னால் சளக். பாதிப் பானைத் தண்ணீர் தரையில்.

அண்ணன் சொன்னது: "பழைய வண்டி ஒழுங்கா சாயும் தம்பி. இது குடிச்சவன் மாதிரில்ல சாயுது."

காரணத்தைக் காட்டியது கோப்பிப் பை. கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் கட்டித் தருவார்களே, அதை முன்னால் கொக்கியில் தொங்கவிட்டிருந்தேன். நித்யாவின் வேலை அது. சோதனை ஓட்டம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, பை எத்தனை விநாடி ஆடுகிறது என்று எண்ணுவாள். இன்று வளைவு முடிந்து நேர் ரோட்டுக்கு வந்த பிறகும் பை இடது பக்கமே ஒதுங்கி நின்றது. நான்கு விநாடி எண்ணினேன். அப்படியென்றால் வண்டி இன்னும் சாய்ந்தே இருக்கிறது.

என் முட்டாள்தனம். இரண்டு காற்றுப்பைக்கும் ஒரே குழாய். இடது பக்கம் பாரம் அழுத்தினால் காற்று வலது பைக்கு ஓடுகிறது. இடது இன்னும் இறங்கும், வலது இன்னும் ஏறும். மூட்டைகளைச் சமமாகப் பரப்பியதால் நேற்று தெரியவில்லை. அக்காவின் ஆட்கள் கனமான பானைகளை எல்லாம் இடது பக்கமே ஏற்றுவார்கள், நடைபாதைப் பக்கமாக இறக்கச் சுலபம் என்று. டிப்ளமோ படித்தவன், அவர்கள் ஏற்றுவதை ஒரு நாள் போய்ப் பார்க்கவில்லை.

பானைகளைப் பிரித்து வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "அவனுங்க இடுப்ப உடைக்கவா? வண்டிய மாத்து லா."

நியாயம். தவறு பிடிபட்டதில் ஒரே குஷி, நடுரோட்டில் சிரித்துவிட்டேன்.

இன்னொன்று. காலையில் பழக்கத்தில் இரண்டு பை வாங்கியிருக்கிறேன். எனக்குக் கோப்பி, இன்னொன்று சீனியில்லாத டீ. அண்ணன் எடுத்து உறிஞ்சினார். "தே கோசோங்கா? யாருக்கு வாங்குனீங்க, சீனியே இல்ல?" நித்யாவுக்கு என்றேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

7 ஜூன், சனி

ஜாலான் புசாரில் மூன்று ஹார்ட்வேர் கடை ஏறி இறங்கினேன். குழாய் 2, வால்வு 2, அழுத்தமானி 2. மதியச் சாப்பாடு மறந்துபோச்சு. இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. பானைகளை அவர்கள் வழக்கப்படியே இடது பக்கம் ஏற்றச் சொன்னேன். காற்றழுத்தம் இடது 60, வலது 35. வண்டி நிமிர்ந்தது. அதே வளைவு, இரண்டு தடவை. தரை காய்ந்தே இருந்தது!!

ஆனால் அது தண்ணீர். நாளைக்குச் சாம்பார், கல்யாணம், திருப்பிச் சமைக்க நேரம் இல்லை.

கோப்பிக் கடையில் அண்ணன் தானாகவே சொன்னார், "எனக்குத் தே கோசோங்கே சொல்லுங்க. பழகிடுச்சு." ஒரு நாளில் பழகுமா என்ன.

8 ஜூன், ஞாயிறு

மேகமூட்டம். காலை 7-க்குப் பாரம் ஏற்றினோம். பானைகளுக்குக் கீழே வெள்ளை வேட்டித் துணி விரித்தேன். சிந்தினால் மறைக்க முடியாது. அண்ணன் வேண்டாம் என்றார். விரித்தேன்.

வளைவு. கோப்பிப் பை ஆடியது, இரண்டு விநாடி, நேராக நின்றது.

ஈசூன். வேன் கதவைத் திறந்தது மங்கை அக்கா. துணியைக் கையால் தடவி, விரலைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "மத்த ரெண்டு வண்டியையும் எடுத்துட்டுப் போ."

அண்ணன் என் முதுகில் விட்ட அறை இன்னும் எரிகிறது. மண்டபத்துக்குள் போகவில்லை. இறக்குமிடத்தில் நின்றே சாப்பிட்டேன். சாம்பார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். உப்பு, புளி எல்லாம் தெரிந்தது.

இப்போது 7.50. வீடு. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நித்யா இருந்தால் முதல் கேள்வி, "எவ்ளோ நேரம் ஆடுச்சு?" இரண்டு விநாடி என்று அடுப்படியில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

எட்டு மணிக்கு அண்ணி கூப்பிடுவார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அந்தத் தணிந்த குரலைக் கேட்டால் நானும் தணிந்துவிடுவேன். விஷயத்தைச் சொன்னால், பரவாயில்லை, தேறிவிட்டான் என்று நினைப்பார். தேறவில்லை. குஷியாக இருக்கிறேன். இரண்டும் இருக்கிறது, இதைப் போனில் எப்படிச் சொல்வது.

செய்தி அனுப்பினேன்: "சாப்பிட்டேன் அண்ணி. கல்யாணச் சாம்பார். ரெண்டு தடவை." இன்று இது நிஜம்.

7.58. போனை அணைத்துவிட்டேன்.