ஃபெயில் ஆகாத டெஸ்ட்

உன் லேப்டாப் என் மேசைமேல் இருக்கிறது. மூடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் ஒட்டுவார்களே, அந்த ரகம். அதில் நீலப் பேனாவால் உன் பெயரும் கட்டில் எண்ணும். எழுத்து உன்னுடையது இல்லை. வார்டில் பொருள் மாறிவிடக் கூடாதென்று ஏதோ ஒரு நர்ஸ் எழுதியிருக்க வேண்டும். போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் உன் மனைவி ஸ்டெல்லா இதைத் தூக்கிக்கொண்டு சாந்தோமிலிருந்து அடையாறுக்கே வந்துவிட்டாள். "பழைய போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு அண்ணா. ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றாள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

நீ ஆஸ்பத்திரிக்கு லேப்டாப்பைக் கொண்டுபோயிருக்கிறாய் என்பதே அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எதற்குக் கொண்டுபோனாய் என்பது தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை நீ போன பிறகு காகிதத்தில் எழுதுவது கோழைத்தனம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்போது தி.நகர் ஆபீஸில் நாம் இரண்டு பேர்தான் அத்தனை சர்வர் கம்ப்யூட்டர்களுக்கும் காவல். புதிதாக ஒரு சர்வர் வந்தால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் தட்ட வேண்டும். ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும். எது எங்கே விட்டுப்போனது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். "ஒரே வேலைய முப்பது தபா செய்யறதுக்கு நாம இன்னா செக்குமாடா மச்சி?" என்று நீதான் முதலில் கத்தினாய். அந்தக் கத்தலில்தான் யாரோ எழுதி வெளியிட்டிருந்த ஒரு மென்பொருள் கருவியைத் தேடிப் பிடித்தோம். ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும், கருவியே போய் எல்லாச் சர்வரையும் அப்படியே அமைத்துவிடும். அப்படி எழுதி வைக்கும் துண்டுகளுக்கு மாட்யூல் என்று பெயர். தினமும் பேக்கப் எடுப்பதற்கான மாட்யூலை நான் எழுதினேன். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே தப்பு கண்டுபிடித்தாய்.

அதை உலகத்துக்குக் கொடுக்கச் சொன்னதும் நீதான். "உன் பொட்டிக்குள்ளயே பூட்டி வச்சிக்கினா இன்னா பிரயோஜனம்? வெளியில போடு. எவனுக்காவது உதவும்." போட்டேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று எழுதி இணையத்தில் போட்டேன். மூன்றாவது வாரம் எங்கோ ஒரு தூர தேசத்திலிருந்து ஒரு நூலகத்துக்காரர் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அன்றைக்கு என்னை மயிலாப்பூருக்கு இழுத்துப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாய். குடித்துக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவரு எழுதினது ஃபாரின்ல ஓடிக்கினு கீது சார்" என்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் ஏழடி வளர்ந்துவிட்டேன் என்பதும் உண்மை.

அப்புறம் நீ ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போனாய். கடைசிவரை சர்வரோடுதான் இருந்தாய். நான் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பெரிய ஆபீஸுக்குப் போய் மேனேஜர் ஆனேன். மேனேஜர் ஆன பிறகு நான் எழுதியதெல்லாம் மெயில்தான். இந்த உலகத்தில் என் கையால் செய்தது என்று காட்ட அந்த மாட்யூல் ஒன்றுதான் மிச்சம். முன்பின் தெரியாத பலர் திருத்தம் அனுப்பினார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஆனால் எதைச் சேர்ப்பது என்ற கடைசிச் சொல் மட்டும் என்னுடையதாகவே இருந்தது. பொதுச்சொத்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு பட்டாவை என் பெயரிலேயே வைத்திருந்தேன்.

கருவியின் புதுப் பதிப்பு வரப்போகிறது, பழைய முறையில் எழுதிய மாட்யூல்கள் அதில் ஓடாது என்று அறிவிப்பு வந்தது. ஆளாளுக்கு என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். செய்கிறேன் செய்கிறேன் என்று சாக்குச் சொல்லி வருஷத்தைக் கடத்தினேன். உண்மையில் எனக்கு அந்தப் புது முறையே தெரியாது. கேட்கவும் கூச்சம். அப்போதுதான் போன ஜூனில் உன் திருத்தம் வந்தது. கூடவே ஒரு வரி: "மச்சி, புதுசுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கீறேன். பாத்து சேத்துக்கோ."

திறந்து பார்த்தேன். எடுத்த வரிகளைச் சிவப்பிலும் சேர்த்த வரிகளைப் பச்சையிலும் திரை காட்டுமே, அதில் பக்கம் பக்கமாகச் சிவப்பு. நான் எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. தி.நகரில் ஒரு மழைநாளில் நான் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பகுதிக்குப் பதிலாக நீ நாலே வரி எழுதியிருந்தாய். அந்த நாலு வரியும் சரி. என்னுடையதைவிடச் சுத்தம். அது தெரிந்த நொடியே திரையை மூடிவிட்டேன். சேர்ப்பதற்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். என் விரல் போகவில்லை.

முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. அதனால் நம் தொழிலில் கௌரவமான ஆட்கள் செய்வதைச் செய்தேன். குறை கேட்டேன். "மொத்தமாக இருக்கிறது, நாலு பகுதியாகப் பிரித்து அனுப்பு" என்று எழுதினேன். பத்தே நாளில் பிரித்து அனுப்பினாய். "பழைய சர்வர்களிலும் ஓடுகிறதா என்று தானாகச் சோதித்து பாஸ், ஃபெயில் சொல்லும் டெஸ்ட் எழுது" என்றேன். எழுதினாய். "விளக்கக் குறிப்பு பழையதாகவே இருக்கிறதே, முழுக்க மாற்றி எழுது" என்றேன். அதையும் எழுதினாய். ஒவ்வொரு தடவையும் உன்னிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான்: "ஆயிடுச்சி மச்சி." படித்தவர்கள் எல்லாரும் நான் எவ்வளவு பொறுப்பான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் கச்சேரி ரோடு டீக்கடையில் சந்திப்பதை மட்டும் நாம் விடவில்லை. கிரிக்கெட் பேசினோம், உன் மகள் காலேஜ் பேசினோம், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டைத் திட்டினோம். மாட்யூலைப் பற்றி நீ பேச்செடுத்ததே இல்லை, நவம்பரில் ஒரே ஒரு தடவை தவிர.

"இன்னா மச்சி, பாத்தியா இல்லியா?"

"பாத்துட்டேன்டா. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆவுது."

"எந்த டெஸ்ட்டு? எனக்கு எல்லாம் பாஸ் ஆவுதே."

"ஞாபகம் இல்ல. பாத்துச் சொல்றேன்."

நீ தலையை ஆட்டினாய். "சர்தான். நானும் ஒருவாட்டி ஓட்டிப் பாக்கறேன்" என்றாய். நான் உன் திருத்தத்தை ஜூனில் திறந்து மூடியதுதான். ஒரு டெஸ்டைக்கூட நான் ஓட்டியதில்லை. எந்த டெஸ்டும் ஃபெயில் ஆகவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் நீ டீக்கடைக்கு வருவது நின்றது. போனில் கேட்டபோது, "அல்சர் மச்சி, வேற ஒண்ணும் இல்ல. பாலவாக்கத்துல மச்சினிச்சி வூட்ல காத்து வாங்கிக்கினு கீறேன்" என்றாய். சரி, ஓய்வெடு என்றேன். பிப்ரவரியில் உன் தம்பி போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கோயிலில் உன் பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, வந்தவர்களிடமெல்லாம் "அண்ணனோட உயிர் ஃபிரண்டு" என்று சொன்னான் உன் தம்பி. ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகும் நான் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. உன் பெயரைத் திரையில் பார்க்கும் தைரியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை போட்டோக்களை எடுக்க உன் லேப்டாப்பைத் திறந்தேன். உன் மகளின் முதல் நற்கருணை, வேளாங்கண்ணிப் பயணம், தி.நகர் மொட்டைமாடியில் நாம் இருவரும் தொப்பை இல்லாமல். எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகு, கட்டளை தட்டும் கறுப்புத் திரை மூடாமல் கிடப்பதைப் பார்த்தேன். அதில் முன்பு தட்டியதெல்லாம் வரிசையாக நினைவில் இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா? பழக்கதோஷத்தில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

நம் மாட்யூலின் டெஸ்டை ஓட்டும் கட்டளை. அதற்கு முன்னும் அதே கட்டளை. அதற்கும் முன்னும் அதே. எண்ண ஆரம்பித்து முப்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் வந்த விடையை நேரம் போட்டுத் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தாய். காலை பத்து, பதினொன்றரை, பிற்பகல் மூன்று, மறுநாள் காலை எட்டு. ஒரு தடவை பழைய சர்வரில், ஒரு தடவை புதியதில், ஒரு தடவை வேகத்தைக் குறைத்து, ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எல்லா விடையும் பாஸ். பாலவாக்கத்தில் காற்று வாங்குகிறேன் என்று நீ சொன்ன அதே தேதிகள். கையில் ஊசியோடு வார்டில் படுத்துக்கொண்டு, நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு பொய்யை இரண்டு நாளாகத் தேடியிருக்கிறாய்.

என் லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினேன். அரை நொடிகூட ஆகவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து போன் வந்தது. "அவர் மொபைல்ல ஒரு மெயில் வந்திருக்கு அண்ணா. உங்க பேரு போட்டு, உங்கள் திருத்தம் சேர்க்கப்பட்டதுன்னு இங்கிலீஷ்ல இருக்கு. என்ன இது?" திருத்தத்தைச் சேர்த்தால் எழுதியவருக்குத் தானாக மெயில் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

சாந்தோம் வீட்டில் ஸ்டெல்லா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வரிகள், நாலு பகுதி, பொய், எல்லாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லக்கூட இல்லை அவள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியும் அண்ணா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத நாள் முழுக்கத் தேடினாரு. நர்ஸ் கூடத் திட்டினாங்க. ரெண்டாம் நாள் சாயந்திரம் மூடி வச்சுட்டுச் சிரிச்சாரு. 'எதுவும் ஃபெயில் ஆவல ஸ்டெல்லா. அது அவன் எழுதினது. தூக்கிப் போட அவனுக்கு மனசு வரல, அதான். கொஞ்சம் டைம் குடுப்போம்'னாரு." சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "நான் உங்களுக்குப் போன் போட்டு நல்லா கேக்கப் போனேன். வேணாம்னு கையப் புடிச்சிக்கிட்டாரு. 'உங்களுக்கு ஏதுங்க டைமு?'ன்னு அவரக் கேட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "எனக்குக் கோவம் இருக்கு அண்ணா. போக நாளாகும். போட்டோ எடுத்துட்டீங்களா?" என்றாள். பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தச் செவ்வாயிலிருந்து யாராவது முகம் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினால் அன்றைக்கே திறந்து பார்க்கிறேன். குறை எழுதக் கை போகும்போது, இது மாட்யூலுக்காகவா எனக்காகவா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். இதுவரை இரண்டு முறை எழுதிய குறையை அழித்துவிட்டேன். இதெல்லாம் உனக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் முழு உண்மை இல்லை. ஒன்றைச் சொல்லவில்லை.

உன் உடம்பு அவ்வளவு மோசம் என்பது எனக்குத் தெரியாது என்றுதான் அவளிடம் சொன்னேன். தெரியும். அந்த நவம்பர் சனிக்கிழமைகளில் நீ அரை டம்ளர் டீயைக் குடிக்க முடியாமல் கீழே ஊற்றியதைப் பார்த்தேன். பெல்ட்டில் நீயே ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டு படி ஏறுவதற்குள் நீ நின்று மூச்சு வாங்கினாய், நான் கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். என்னடா ஆச்சு உனக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் நீ உட்கார்ந்து பேசுவாய், பேச்சு நீளும், நீண்டால் எப்படியும் அந்தத் திருத்தத்தில் வந்து நிற்கும். அதற்குப் பயந்து, மச்சி, நான் உன்னை எதுவுமே கேட்கவில்லை.