பக்கத்துக்கு ஒரு தப்பு

தஞ்சாவூர் அச்சகத்திலிருந்து பார்சல் வந்திருக்கிறது. பிரித்ததும் மை வாசனை. உனக்குப் பிடித்த வாசனை. புதுப் புத்தகம் எது வந்தாலும் மூக்கில் ஒருமுறை வைத்துவிட்டுத்தான் கண்ணில் வைப்பாய். நம் படப் புத்தகம் மறுபடி அச்சாகிறது. நம்மிடம் படித்துவிட்டுச் சிங்கப்பூர் போன பிள்ளைகளின் ஏற்பாடு. ஆசையோடு முதல் பக்கத்தைத் திருப்பினேன். பகீர் என்றது.

நடவு நடும் பெண்கள் எல்லோரும் ஒழுங்காகப் பின்பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்!

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பையனுக்குப் போன் போட்டேன். "படத்துல ஏகப்பட்ட மிஸ்டேக் டீச்சர். நானும் வயக்காட்டுக்காரன்தானே, ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன்" என்றான். குரலில் அத்தனை பெருமை. அவனை வைவதா வாழ்த்துவதா என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அந்தச் சின்னப் பள்ளிக்கு நாம் வந்த புதிதில் என்ன பாடு பட்டோம்! மொத்தப் பள்ளிக்கும் நாம் இரண்டு பேர்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். படத்தைக் கையால் மறைத்தால் திருதிருவென்று விழிப்பார்கள். படமே வேண்டாம், எழுத்தை மட்டும் கொடுப்போம் என்றேன் நான். "குழம்பில்லாத சோத்த நீ தின்பியாடீ? அப்புறம் புள்ளைங்க மட்டும் ஏன் திங்கணும்?" என்று சண்டைக்கு வந்தாய். கடைசியில் நான் வரி எழுத, நீ படம் போட, நாமே ஒரு புத்தகம் செய்தோம்.

நீ நாகூரில் பிறந்தவள். நீ வரைந்த மீனைப் பூனை தூக்கிக்கொண்டு போய்விடும், அவ்வளவு அச்சு அசல். ஆனால் வயலை நீ பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 'அம்மா நாற்று நடுகிறாள்' என்ற வரிக்கு நீ போட்ட படத்தில் பெண்கள் முன்னோக்கி நடந்துகொண்டே நட்டார்கள். எனக்கும் அது உறைக்கவில்லை பார்.

அகிலாவுக்கு உறைத்தது. வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண். அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறபோதெல்லாம் வாசலில் நின்று, "இது தேறுமா டீச்சர்? இல்ல, என்னாட்டம் சேத்துலதானா?" என்று கேட்பார். அந்த அகிலா படத்தையே முறைத்துப் பார்த்துவிட்டு, "நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டே போறாங்க டீச்சர்! எங்கம்மா பின்னால பின்னாலதான் போவாங்க" என்றாள். நான் அசடு வழிந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"வாயத் தொறந்துட்டா பாருடீ! இனிமே பக்கத்துக்கு ஒரு தப்பு போடறேன். வரியப் படிச்சாத்தான் கண்டுபிடிக்க முடியணும்" என்றாய்.

'கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது' என்று நான் எழுதினால், உன் கொக்கு இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். 'பூனை கூரை மேல் தூங்குகிறது' என்றால், உன் பூனை கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்து, "தப்பு டீச்சர்!" என்று கத்துவார்கள். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி படங்களைப் பார்த்து முகம் சுளித்தபோது, "எங்க சார் தப்பு? கொஞ்சம் வரியோட படிச்சுக் காட்டுங்க" என்று கேட்டாயே, அந்தத் தைரியம் எனக்கு இன்றைக்கும் வராது. தை பிறப்பதற்குள் அகிலா படித்துவிட்டாள். சேறு காயாத காலோடு வந்து நின்று அவள் அம்மா மகள் படிப்பதைக் கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ கண்ணை மூடி இரண்டு தீபாவளி ஆயிற்று. உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தியே கத்திக்கொண்டிருக்கிறேன். உன்னைத் திட்டிக்கொண்டே கத்துகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்சலில் வந்த தாள்களை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிற புத்தகம். படத்தைப் பார்த்தார்கள், ஒப்பித்தார்கள், மூடி வைத்தார்கள். அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், அலமாரியிலிருந்து நம் பழைய புத்தகத்தை எடுத்து நடுவில் போட்டேன். அவ்வளவுதான், தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூச்சல். நீ கேட்டிருக்க வேண்டும்.

கடைசிப் பக்கம் வந்தது. பள்ளி வாசலில் குண்டாய் நானும் ஒல்லியாய் நீயும் நிற்கும் படம். என்னை அவ்வளவு குண்டாகப் போட்டதற்கு நான் உன்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். கீழே, 'எங்கள் பள்ளியில் இரண்டு டீச்சர்.' அந்தப் பக்கத்தில் மட்டும் நீ தப்பு எதுவும் வைக்கவில்லை. பிள்ளைகள் தேடினார்கள். விரல் வைத்துப் படித்தார்கள், தலைகளை எண்ணினார்கள், மறுபடி படித்தார்கள். இந்த வருஷம்தான் சேர்ந்த பிள்ளைகள். உன்னைப் பார்த்ததே இல்லை.

ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர்! நம்ம ஸ்கூல்ல நீங்க ஒருத்தங்கதானே? ஒரு டீச்சர் அதிகமா இருக்காங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நியாயமாக நானும் தட்டியிருக்க வேண்டும்; தப்பைக் கண்டுபிடித்தால் டீச்சரும் கை தட்ட வேண்டும் என்பது நீ வைத்த விதி. என்னால் முடியவில்லை. அழுதேன், பிள்ளைகள் முன்னாலேயே. பிறகு அவர்களை உட்கார வைத்து மணி அடிக்கும்வரை உன்னைப் பற்றியே சொன்னேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் வரியைப் படி என்று என் கண்ணை நீ பழக்கிவிட்டுப் போயிருக்கிறாய். அதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

சாயங்காலம் அந்தப் பையனுக்கு மறுபடி போன் செய்தேன். ஏன் என்று விளக்கி, எல்லாப் பக்கத்திலும் தப்பைத் திரும்ப வைக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

"ஆனா கடைசிப் பக்கத்துல நான் கையே வைக்கல டீச்சர். அதுல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு" என்றான்.

"ஆமாம்பா," என்றேன், "சரியாத்தான் இருந்துச்சு."