திரையில் அசைந்த என் நாக்கு

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்றும் டூட்டிக்குப் போனேன். தாம்பரம்–வேளச்சேரி, நான்கு நடை. ராஜகீழ்ப்பாக்கம் என்று கூவும்போது நாக்கின் இடது ஓரம் நெருப்பாக எரிந்தது. மதியம் ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனை ரிசல்ட் வாங்கினேன். புற்றுநோய். பதினெட்டு வருஷம் மாவாப் புகையிலை போட்ட கண்டக்டருக்கு வேறு என்ன வரும்? கட்டினவளிடம், செல்லியிடம், இன்னும் சொல்லவில்லை.

4 ஜூன்

சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

12 ஜூன், வியாழன்

பாதி நாக்கை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அந்த இடத்தில் முன்கைச் சதையை வைத்துத் தைப்பார்களாம். வேண்டாம் என்றேன். இருபத்தாறு வருஷம் வாயால் பிழைத்தவன். ஊமையாக வீட்டில் கிடப்பதைவிட இருக்கிறவரை இருந்துவிட்டுப் போகலாம். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் செல்லி, "உன் பேச்சு யாருக்குய்யா வோணும்? நீ இருந்தா போதும்" என்று கத்தினாள். நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

18 ஜூன், புதன்

டாக்டர் என்னை விஷ்ணுப்ரியா என்ற இன்ஜினியர் பெண்ணிடம் அனுப்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு எப்படி வேலை செய்யும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே பார்க்கும் ஆராய்ச்சி அவளுடையது. போன வெள்ளியன்றே ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்து விழுங்கச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள். அதை வைத்து என் நாக்கைத் தசை தசையாகத் திரையில் செய்திருந்தாள்.

பாதியை வெட்டினாள். கைச்சதையை ஒட்டினாள். அது தானாக அசையாது, மிச்சப் பாதிதான் அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றாள். பிறகு நீல நிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர். நாக்கு தடுமாறி, எழும்பி, பின்னால் தள்ளியது. உணவுக்குழாயில் இறங்கிவிட்டது. மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு துளிகூடப் போகவில்லை.

"குழைஞ்ச சாதம் சாப்பிடுவீங்க சார். சில எழுத்து சரியா வராது. ஆனா பத்து வார்த்தைல ஏழு மத்தவங்களுக்குப் புரியும். இது கணிப்புதான், காரண்டி இல்ல."

"இன்னொரு தபா காட்டும்மா" என்றாள் செல்லி. மூன்று தடவை பார்த்தாள்.

கையெழுத்துப் போட்டேன். காரண்டி இல்லை என்றது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

23 ஜூன், திங்கள்

நாளை ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

4 ஜூலை, வெள்ளி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. மூக்கில் குழாய், மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை. டாக்டர் சொன்னார்: திறந்து பார்த்தபோது கட்டி நடுக்கோட்டைத் தாண்டியிருந்ததாம், முக்கால்வாசி எடுக்க வேண்டியதாகிவிட்டதாம்.

அப்படியானால் நான் திரையில் பார்த்தது? அது யாருடைய நாக்கு?

21 ஜூலை, திங்கள்

ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீர். மூச்சுக்குழாயில் போய்விட்டது. இருமி இருமி முகம் நீலம் பாரித்ததாம்.

15 ஆகஸ்ட், வெள்ளி

பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தினகரன், "இன்னா பொன்னுரங்கண்ணே சொல்ற?" என்று மூன்று தடவை கேட்டான். கடைசியில் புரிந்த மாதிரித் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் — சீ, இன்னா பொழப்பு இது! இன்னாத்துக்குடா கையெழுத்துப் போட்ட?

செல்லி ஒருத்திக்குத்தான் புரிகிறது. கஞ்சியைக் குழாயில் ஊற்றிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். சாத்தினால் மட்டும் குழம்பு வாசனை வராதா?

9 செப்டம்பர்

ரேடியேஷன் முடிந்தது. எழுத ஒன்றும் இல்லை.

16 அக்டோபர், வியாழன்

கணித்ததையும் நடந்ததையும் ஒப்பிட மறுபடி ஸ்கேன் வேண்டும் என்று விஷ்ணுப்ரியா கூப்பிட்டாள். நாலு வார்த்தை திட்டி எழுதிக் காட்டத்தான் போனேன். அவளே முந்திக்கொண்டாள். முக்கால்வாசி வெட்டியதையும் இப்போது கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாளாம். "அதுல தண்ணி மூச்சுக்குழாய்க்குத்தான் போச்சு சார். ரெண்டையும் நான் அன்னைக்கே காட்டியிருக்கணும்." கண் கலங்கியிருந்தது.

காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு மெஷினுக்குள் போய்ப் படுத்தேன். காட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். இந்நேரம் செத்தும் இருப்பேன். எது நல்லது?

10 நவம்பர், திங்கள்

செக்கப். விஷ்ணுப்ரியாவின் அறை வாசலில் ஆல்வின் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலை. அவருக்கும் நாக்கில்தான். இப்போது நல்ல கணிப்பு ஒன்று, கெட்டது ஒன்று என இரண்டையும் திரையில் காட்டுகிறார்கள். கெட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர், கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடித்து வைத்திருந்தார்.

"அண்ணா, உங்களுக்கும் இதே ஆபரேஷன்தானே? பேச்சு வருதா? சாப்பிட முடியுதா?"

"வோணாம். வூட்டுக்குப் போயிடு" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

அவர் செல்லியைப் பார்த்தார். "இன்னா சொல்றாருக்கா?"

செல்லி என் பக்கம் திரும்பவில்லை. "தெகிரியமா செஞ்சுக்கன்றாருப்பா. உயிரோட இருந்தா போதும்ன்றாரு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தலையசைத்து மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.