பெயின்ட் பிடிக்காத சிலுவை

கலிம்னோஸ் தீவு, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் செவஸ்திக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானா, உங்கள் டார்வின் ஊர் முதலைகளும் சுகந்தானா. நான் நன்றாக இருக்கிறேன், படகுப் பட்டறை ஃபைபர் தூள் சட்டைக்குள் புகுந்து அரிப்பதைத் தவிர. உன் அம்மாவைப் பற்றித்தான் அப்படி எழுத முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நின்று கேட்பாள், அதனால் பேனாவைப் பிடித்தேன். மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் எழுத்து இது, பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் மாப்பிள்ளையிடம் காட்டாதே.

உன் தம்பி மிக்கேஸுக்கென்று நான் செய்த முதல் படகு பட்டறையில் நிற்கிறது. வார்த்த அச்சிலிருந்து சுலபமாகப் பிரியட்டும் என்று தடவிய மெழுகு புதுப்படகின் மேலெல்லாம் இருக்கும் அல்லவா, அதைத் தின்னர் போட்டுத் துடைத்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, மணமகள் மாதிரி நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சாயங்காலம் உன் அம்மா மாதா கோயில் விளக்கின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து எடுத்துப்போய், படகின் மூக்கில் சிலுவை போட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் நானும் மிக்கேஸும் நீலம் அடித்தோம். எல்லா இடத்திலும் பளபளவென்று பிடித்தது, மூக்கில் மட்டும் பெயின்ட் விலகி விலகி, அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக ஒரு சிலுவை. உன் அம்மா வந்து பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதா ஏத்துக்கல, என் பிள்ளைய கடலுக்கு அனுப்பாதன்னு சொல்றா என்றாள். நான் என் வழக்கப்படி, அடியே, மாதா ஏத்துக்கிட்டா, பெயின்ட்டுதான் ஏத்துக்கல, எண்ணெய் பட்ட இடத்துல எதுவும் ஒட்டாது, நீ சாலட்டுக்கு ஊத்துற எண்ணெயா இருந்தாலும் இதே கதிதான் என்றேன். கோயில் எண்ணெயையும் சாலட் எண்ணெயையும் ஒண்ணாக்குறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று எழுந்து போனவள்தான். திராட்சை இலைச் சுருள் செய்து எங்களுக்கு வைக்கிறாள், தான் ஒரு வாய் தொடுவதில்லை. உன் மாமா நோமிகோஸ் இல்லாமல் அவன் படகு மட்டும் திரும்பி வந்த வருஷம் இப்படித்தான் இருந்தாள், நீ மறந்திருக்க மாட்டாய்.

மிக்கேஸுக்குக் கோபம். எண்ணெயைத் துடைக்காமலே அந்த இடத்தை உப்புத்தாளால் பறபறவென்று தேய்த்துவிட்டான். முதல்ல துடை, அப்புறம் தேய், இல்லன்னா எண்ணெய் கீறலுக்குள்ள போய்க் குடியேறிடும்டா கழுதை என்று கத்தினேன், கேட்டால்தானே. சரி, இவளுக்கு விஷயத்தைக் கண்ணால் காட்டிவிடலாம் என்று கூட்டிவந்து மூக்கில் தண்ணீர் ஊற்றினேன். சுத்தமான இடத்தில் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி படிந்து ஓடியது. சிலுவை இருந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாக நின்றது. பாத்தியா, எண்ணெய்தான் என்றேன். அவள் அந்த முத்துகளைப் பார்த்துக்கொண்டே, அழுவுது பாரு என்றாள்.

தின்னர் நனைத்த துணி என் கையில் இருந்தது. நாலு தடவை மாற்றி மாற்றித் துடைத்தால் போய்விடும். அப்போது கேட்டாள், நீ தொடைச்சிட்டா என் பிள்ளை திரும்பி வந்துருவானா, சொல்லு என்று. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். பெயின்ட் பிடிக்கும் என்று சொல்ல முடியும், அதற்குமேல் எனக்கு என்ன தெரியும். துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

மிக்கேஸோ, பெயின்ட் இல்லாட்டியும் மாசக் கடைசியில கடல்ல இறக்கிருவேன் என்கிறான். இறக்கிவிடுவான், அவனும் அவளுக்குப் பிறந்தவன்தானே. அதனால் நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் பக்கத்துவீட்டு மருமகனிடம் இதைக் கொடுக்கிறேன். கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிடு. எண்ணெய், மெழுகு என்று என் பாட்டைப் பாடாதே, மாமாவைப் பற்றிப் பேசவிடு, என்னிடம் அவள் பேசுவதில்லை. அவளே வந்து துடை என்று சொல்லும்வரை அந்த இடத்தில் நான் கை வைக்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க மாதா துணையிருக்கட்டும். நான் எழுதியதாக மூச்சு விடாதே, நீயாகவே கூப்பிட்டதாக இருக்கட்டும்.

அரிப்போடு உன் அப்பா,
சக்கெல்லாரிஸ்