‘இன்னா நாத்தம்’ பக்கத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

இன்று காலை டோல்கேட் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது மைதாப் பசை வாசம் வந்தது. சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள், ஓரத்தில் பசை வழிந்துகொண்டிருந்தது. போட்டோவில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கீழே இருந்த மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் கடைசிவரை படித்தேன். பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு என் பரம்பரையையே திட்டினான்.

சிக்னலில் ஒரு நொடி பொறுக்காதவன் நான். போஸ்டரைப் படிக்கும் இந்தப் பழக்கம் உன்னால் வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

கடிதம் எழுதுவதெல்லாம் எனக்கு வராது. அனுப்பினால் பதில் வரவேண்டும், வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். நெட்வொர்க் படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் நீ வேலை பார்த்த பிரிண்டிங் கடைக்கு, வேலை முடிந்ததும் டீ குடிக்க வருவேன். நீ எப்போதும் யாராவது ஒரு செத்தவரின் போஸ்டர் வேலையில் இருப்பாய். டிசைன் முடிந்திருக்கும், அச்சுக்கு அனுப்பமாட்டாய். அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டுவாய். மூன்று தடவை. “அனுப்பித் தொலைடா, டீ ஆறுது” என்று நான் மேசையைத் தட்டுவேன். நீ நிமிராமல் கையை மட்டும் காட்டுவாய். “கல்யாண பேனர்ல ஒரு பேர வுட்டா திட்டுவான், மறந்துடுவான். சாவுல வுட்டா கடைசி வரிக்கும் பேசமாட்டான் மச்சி.”

அதே கம்ப்யூட்டரில்தான் அந்த இணையப் பக்கத்தையும் ஆரம்பித்தாய். ‘இன்னா நாத்தம்’. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம்: எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன நாற்றம். அழுகிய முட்டை, எரிந்த டயர், பெட்ரோல், கண் எரிச்சல். இந்தப் பெயர் வேண்டாம், சிரிப்பார்கள் என்றேன். “சிரிக்கட்டும். சிரிச்சிகினே எழுதுவான்” என்றாய். எழுதினார்கள். இரண்டு வருஷத்தில், எந்தத் தெருவில் எந்த நேரத்தில் காற்று கெடுகிறது என்று எவரும் மறுக்கமுடியாத ஒரு கணக்கு அதில் சேர்ந்துவிட்டது.

பிறகு அந்த வாரம். திருவொற்றியூரில் விடியற்காலையில் முட்டை நாற்றம் கிளம்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தார்கள். ஒரே காலையில் பக்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். “மச்சி, நம்ம பக்கம் தொறக்கல. உன் கம்பேனி நெட்டு பேஜாரு பண்ணுது, பாரு.”

“உன் போன் ஒரு கலீஜ். ஆஃப் பண்ணிப் போடு” என்றேன்.

அப்புறம்தான் பார்த்தேன். வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்ப்பது வீடுகளுக்கு நெட் லைன் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. முடக்கவேண்டிய தளங்களின் பட்டியல் மேலிடத்து ஆணையாக அவ்வப்போது மெயிலில் வரும். காப்பி எடுத்து ஃபில்டரில் போட்டு, என்டர் தட்டி, ‘முடிந்தது’ என்று பதில் போட வேண்டும். நாலு நிமிஷ வேலை. அன்றைய பட்டியலை மறுபடி திறந்தேன். சூதாட்டத் தளங்கள் இரண்டுக்கு நடுவில் உன் பக்கத்தின் முகவரி இருந்தது. காலை பத்து மணிக்கு நானே போட்டது.

உன்னைத் திருப்பிக் கூப்பிட்டு, “மேல இருந்து ஆர்டர்டா, மூடிட்டாங்க” என்று மட்டும் சொன்னேன். பாதி உண்மை.

மனு எழுதுவாய் என்று நினைத்தேன். எழுதினாய், காரணம் கேட்டு. அதோடு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் செய்தாய். போட்டோ இருக்கவேண்டிய இடத்தில், ‘அரசு ஆணைப்படி இத்தளம் முடக்கப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பின் படம், சுற்றி மாலை. வயது இரண்டு. கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு, அந்த இணையப் பக்கத்தில் எழுதியவர்களின் பெயர்கள், தெருவாரியாக. ஒவ்வொருவருக்கும் போன் செய்து சம்மதம் கேட்டாய். என்னிடமும் கேட்டாய்.

“உன் பேரு போடட்டா?”

“வேலை போய்டும்டா.”

“செரி” என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் தேரடியில் பந்தல், நாற்காலி, மேளம் எல்லாம் தயார். பெரிய ஃப்ளெக்ஸுக்கு நிஜ மாலை. அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு மீன்கார அம்மா இறங்கி, கூடையைக் கீழே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நம் ஊரில் மேளம் கேட்டால் யார் என்று விசாரித்துவிட்டா அழுவார்கள்? அழுது முடித்துத்தான் விசாரித்தார். “எத்தினி வயசு நைனா?”

“ரெண்டுக்கா” என்றாய்.

“ஐயோ, ரெண்டு வயசு கொழந்தையா!” என்று மறுபடி ஆரம்பித்தார். கூட்டமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விளக்கினாய். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: “நாத்தத்த எழுதுற எடமா? நாத்தத்த மூடாம அத்த இன்னாத்துக்கு மூடுனாங்க?” அன்றைக்கு யாரும் அதைவிடச் சரியாகப் பேசவில்லை.

எஸ்.ஐ. வந்து பர்மிஷன் கேட்டார். “துக்கத்துக்கு யாரு சார் பர்மிசன் வாங்குறா?” என்றாய். அவர் ஃப்ளெக்ஸை மேலிருந்து கீழே படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, “அரை மணி நேரத்துல எடுத்துடு” என்று போய்விட்டார்.

அந்த அம்மா விடவில்லை. “மேல இருந்து ஆர்டரு வரும் நைனா. கீழ ஒருத்தன் பூட்டு போட்ருப்பான் இல்ல? அவன் யாரு?”

நீ மைக்கை என்னிடம் நீட்டினாய். “இவன்தான்க்கா நெட்டுக்காரன். இவன் சொல்லுவான்.” உனக்கு ஒன்றும் தெரியாது. நம்பிக் கொடுத்தாய்.

சர்வர், ஃபில்டர் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், யாருக்கும் புரிந்திருக்காது. அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். “நான்தான் போட்டேன்” என்றேன்.

மேளம் நின்றது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “கொலகாரனே துக்கத்துக்கு வந்துகிறான்பா!” கூட்டம் சிரித்தது. நீ என்னை ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாய்.

“போட்றதுக்கு முன்னால படிச்சியா?”

“இல்ல.”

“படிச்சிருந்தா?”

“தெரியலடா.”

“செத்தவன் பேர நான் மூணு தபா படிக்கிறேன். உயிரோட கீறவன் பேர ஒரு தபா படிக்கலியேடா நீ.” இத்தனை வருஷத்தில் என்னை நீ திட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் மெதுவாக.

பிறகு மார்க்கரை எடுத்துக்கொண்டு முன்னால் போனாய். ‘கண்ணீருடன்’ வரிசையின் அடியில், உன் அழகான கையெழுத்தில், என் பெயரை எழுதினாய். “வேல போனா போவுது. சாவுக்கு வந்தவன் பேர வுடக்கூடாது.”

வேலை போகவில்லை. அந்த ரௌட்டர் படுத்துக்கொண்டால் எழுப்பத் தெரிந்தவன் அங்கே வேறு எவனும் இல்லை. தேரடியில் நான் மைக்கோடு நின்றதை யாரோ எடுத்த போட்டோவை மேனேஜர் காட்டி, இனிமேல் மைக் பிடிக்காதே என்றார்.

உன் மனுவுக்குப் பதில் வரவில்லை. பக்கம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. வேறொரு முகவரியில் மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குள் எண்ணூர் விரைவுச் சாலையில், ஃப்ளெக்ஸ் ரோலை முதுகில் கட்டிக்கொண்டு வண்டியில் போன உன்னை ஒரு லாரி...

உன் போஸ்டரை நான்தான் செய்தேன், உன் நாற்காலியில் உட்கார்ந்து. அளவு, எழுத்து எல்லாம் கோணல், மன்னித்துக்கொள். உன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பெயர்களைப் படித்தேன். முதல் தடவை அழுதார். இரண்டாவது தடவை ஒரு இனிஷியலைத் திருத்தினார். மூன்றாவது தடவை கடைசிப் பெயர்வரை கேட்டார். பிறகு, “பழவேற்காட்டு சித்தப்பா பேரயும் போடுப்பா” என்றார். பன்னிரண்டு வருஷமாக உங்கள் வாசலை மிதிக்காத சித்தப்பா. அவர் வந்தார். ராயபுரம் மாதா கோவிலிலிருந்து கல்லறைவரை உன் பெட்டியை விடாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

பட்டியல் இன்னும் வருகிறது. நான் வீரன் இல்லை. மறுத்தால் அடுத்த சீட்டில் இருப்பவன் போடுவான். ஆனால் இப்போது ஒவ்வொரு வரியையும் படிக்கிறேன், ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் குப்பைதான். போன வாரம் ஒன்று குப்பையாக இல்லை. நான் பார்த்தேயிராத ஒரு ஊரின் ஏரி, அதில் நுரையாக வந்து விழும் கழிவு, தேதி வாரியாகப் படங்கள். அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது.

கூப்பிட்டேன். போனை எடுத்தவர் ஒரு டீச்சர். “மேடம், உங்க பக்கத்தை எங்க லைன்ல மூடச் சொல்லி ஆர்டர் வந்திருக்கு. மூடப்போறது நான்தான். இருக்கிறதையெல்லாம் காப்பி எடுத்து வச்சுக்குங்க. காரணம் கேட்டு எழுதுங்க” என்றேன்.

“யார் நீங்க?” என்றார். இனிஷியலோடு என் பெயரைச் சொன்னேன், கம்பெனி பெயரையும். அவர் திட்ட ஆரம்பித்தார். சம்பளத்துக்கு எதை வேண்டுமானாலும் செய்வீர்களா என்றார், உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா என்றார். எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளும் இருந்தன. குறுக்கே பேசவில்லை. அவர் திட்டி முடித்து, அழுது, எல்லாப் படத்தையும் எடுத்து வைத்தாயிற்று என்று சொல்லும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, என்டரைத் தொடவும் இல்லை.