உன் ‘சரி’க்காகக் கிடப்பவை

பதிலே போடாத உனக்கு,

நூலகங்களுக்காக நாம் இருவரும் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்ட மென்பொருள் நேற்று காலை படுத்துவிட்டது. இணைய முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல்கள் உனக்குத்தான் வரும். நீ திறக்கவே இல்லை; முகவரி காலாவதியாகிவிட்டது. திட்டு வாங்கியது நான். “புத்தகம் எடுக்க வந்தவங்க வரிசையில நிக்கறாங்க, நான் என்னத்தைச் சொல்ல?” என்று ஒரு நூலகர் கத்தினார்.

இதற்காகத்தான் அந்த அறக்கட்டளையில் சேரலாம் என்கிறேன். நம்முடையதைப் போன்ற பல திட்டங்களை ஒரே குடையின் கீழ் வைத்திருப்பவர்கள். முகவரி, நன்கொடை, வழக்கு வம்பு எல்லாம் அவர்கள் பாடு. நாம் எழுதினால் போதும். நீயோ, “கட்டின வீட்டுச் சாவிய ஊரான் கையில குடுக்கறதா?” என்று ஒரே வரி எழுதிவிட்டுக் காணாமல் போனாய். சாவி வைத்திருப்பவன், யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வர வேண்டாமா?

“நீயே முடிவு பண்ணிடேன்மா, அப்பாவை எதுக்குக் கேக்கற?” என்கிறாள் நம் பெண்.

முடியவில்லையே! ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ‘சரி’ என்ற பிறகே மென்பொருளில் சேர்ப்பது என்று நாம் வைத்த வழக்கத்தை, நீ தனி வீடு பார்த்துப் போன பிறகும் நான் மீறவில்லை. என் திருத்தங்கள் எல்லாம் உன் பார்வைக்காகக் கிடக்கின்றன. அறக்கட்டளையில் சேரும் முடிவையும் அங்கேயே வைத்திருக்கிறேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது; சண்டை போட்டுக்கொள்ளலாம். வாயைத் திறக்காமல் மட்டும் இருக்காதே. அதை நாம் சேர்ந்திருந்த வீட்டிலேயே பார்த்தாயிற்று.

கோபம் தீராத,
உன் பெண்ணின் அம்மா