பொளி என்று மட்டும் எழுத வேண்டாம்

அன்பு மகள் ஆனந்திக்கு,

எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நம் கல் மஸ்டர் கட்டடத்தை நான் எடுத்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் தாயி, அதை இடிக்கச் சொல்லிச் சம்மதம் கொடுத்ததும் நானேதான்!

நானும் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் தலைவலி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், சாப்பிட்ட பிறகு படி. போன ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்குச் சவாரி இல்லை. பனி விலகினதும் மஸ்டருக்குப் போய், காலையில் பேர் கூப்பிடுகிற மேடையிலிருந்து போனைக் கல் சுவர் வழியாக மெதுவாக ஏற்றி, கூரை மரச்சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன், கை ஆடவே இல்லை, எல்லாம் போனில் பார்த்துப் பழகினதுதான். வாசல் எத்தனை உயரம் என்று தெரிவதற்கு அம்மாவைக் கொழுந்துக் கூடையோடு நிற்க வைத்தேன். "எம்புட்டு நேரம்யா நிக்க, நானும் கல்லாயிருவேன் போல" என்று அவள் திட்டினதையும் வெட்டாமல் போட்டேன். மலையாளத்துப் பிள்ளைகள் வரிசையாகப் பொளி, பொளிச்சு, அடிபொளி என்று எழுதினார்கள். பொளிக்கிறதென்றால் இடிக்கிறது என்று எனக்குத் தெரியாதா, பிறந்ததிலிருந்து இந்த மலையாளத்து மலையில்தானே கிடக்கிறேன். ஆனால் போனில் அந்தப் பிள்ளைகளுக்குப் பொளி என்றால் பிரமாதம். நானும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி ஒரு பூ போட்டுக்கொண்டே வந்தேன். அந்த வரிசையிலேயே எஸ்டேட் ஆபீஸ் இஞ்சினியர், "இது பொளிக்கும், லைன்காருக்கு சம்மதமல்லே?" என்று கேட்டிருக்கிறார். யாரென்று பார்க்காமல், "ரொம்ப சந்தோஷம் சேட்டா, நல்லா பொளிக்கட்டும், லைன் சனம் மொத்தமும் காத்துக்கிட்டிருக்கோம்" என்று எழுதி மூன்று பூ போட்டுவிட்டேன்.

நேற்று யூனியன் கருத்தப்பாண்டி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆபீஸில் அதை அச்செடுத்து ஃபைலில் வைத்துவிட்டார்களாம். "மாமா, லைன்ல அம்பது வீட்டுக்கும் சேத்து நீரே சம்மதம் எழுதிட்டீரே, பூ வேற" என்றான். அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. புதன்கிழமை மெஷின் வருகிறதாம், டூரிஸ்ட் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். போன மழைக்கு மேல்லைனில் மண் இறங்கினபோது நாற்பது பேர் அந்தக் கல் சுவருக்குள்தானே கிடந்தோம். இந்த மழைக்கு எங்கே ஓடுவது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அழகைக் காட்டத்தான் தாயி எடுத்தேன்.

இன்று காலையில் ஆபீஸுக்கே போய் விளக்கினேன். இஞ்சினியர் முதலில் சிரித்தார், பிறகு, கட்டின வருஷம் தெரிகிற மாதிரி ஒரு படம் செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டு வந்தால் பழங்கட்டடம் என்று மேலே எழுதி நிறுத்தி வைக்கிறேன் என்றார். வாசல் கல்லில் வெட்டியிருந்த வருஷத்தைச் சிமெண்டு பூசி மூடிவிட்டார்கள், என் வீடியோவில் அந்த இடம் வெறும் சாம்பல் பூச்சு. நீ காலேஜில் படிக்கும்போது கேமரா இரவல் வாங்கி எடுத்தாயே, அதில் இருக்கும், பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடு. நானும் தப்பைத் திருத்தி, மஸ்டரைப் பொளிக்க வேண்டாம் என்று நேற்றே எழுதிப் போட்டேன். அதற்கும் அறுபது பேர் "சேட்டா பொளி" என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் அச்செடுத்து ஃபைலில் வைப்பார்களோ என்னவோ.

தண்ணீர் நிறையக் குடி, ராத்திரி சோற்றைத் தள்ளிப்போடாதே, சுருளி வேலப்பர் உன் கூடவே இருப்பார். இந்த லைனில் பிறந்து வெளியூரில் இருக்கிற எல்லோருக்கும் இதைப் பகிர்ந்துவிடு, பழைய கல்யாணப் படமோ கொடியேற்றின படமோ, பின்னால் வாசல் கல் தெரிந்தால் போதும், உடனே அனுப்பச் சொல். கமெண்டிலும் எல்லோரும் எழுதட்டும், அருமை என்று எழுதட்டும், சூப்பர் என்று எழுதட்டும், செவ்வாய்க்கிழமை வரை பொளி என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.

உன் அப்பா,
வீரபாண்டி
(இனிமேல் பூ போட மாட்டேன்)